செடி வளர்க்கும் எல்இடி விளக்கு: சூடு எவ்வளவு, தரம் எப்படி? நெல்லைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

பாளையங்கோட்டையில் வீட்டு அறைக்குள் மைக்ரோகிரீன், அதாவது முளைத்த சில நாளிலேயே வெட்டும் குட்டிக் கீரை போடுகிறவர்கள், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் குழித்தட்டு நாற்று விடுகிறவர்கள், களக்காட்டு வாழைக்குத் திசு வளர்ப்புக் கன்று தயாரிக்கிற ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் ‘க்ரோ லைட்’ பற்றிக் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். எது கம்மியாகச் சுடும், எது நல்ல சரக்கு? இந்த இரண்டும் உண்மையில் ஒரே கேள்வி. ஏன் என்று கீழே வரும் பதில்களில் புரியும்.

எல்இடி சூடே ஆகாது என்கிறார்களே, உண்மையா?

இல்லை. மின்சாரத்தை எடுக்கிற எந்த விளக்கும் எடுத்த அளவுக்கு அறையைச் சூடாக்கும். நல்ல எல்இடி, எடுக்கிற மின்சாரத்தில் பாதிக்குச் சற்று மேல் ஒளியாக மாற்றும். மிச்சம் அந்த இடத்திலேயே சூடாகிவிடும். வெளியே வந்த ஒளி எங்கே போகிறது? இலையில், தட்டில், சுவரில், தரையில் பட்டு அதுவும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. ஒளிச்சேர்க்கையில் செடி சேமித்துக்கொள்வது சில சதவீதம் மட்டுமே. ஆக 100 வாட் எடுக்கும் விளக்கை மூடிய அறையில் எரியவிட்டால் அறைக்குள் சேர்வது கிட்டத்தட்ட 100 வாட் சூடு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளின் உடம்பிலிருந்து வருவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். நாலு விளக்கு எரிந்தால் ஜன்னல் மூடிய அறையில் நாலு பேர் ராப்பகலாக உட்கார்ந்திருக்கிற கணக்கு.

ஏசி மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டுமென்றால் ஒரு வாட்டுக்கு மணிக்கு 3.41 பிடியு என்று சொல்லுங்கள். ஏசிக்காரர்கள் சூட்டை அளக்கும் அலகு அது.

அப்படியானால் பழைய சோடியம் விளக்கும் எல்இடியும் ஒன்றுதானா?

வாட் ஒன்றாக இருந்தால் அறைக்குள் சேரும் மொத்தச் சூடும் ஒன்றுதான். ஆனால் இரண்டு வித்தியாசம் உண்டு.

முதலாவது, அதே ஒளிக்கு எல்இடி எடுக்கும் வாட் குறைவு. இரண்டாவது, சூடு போகும் திசை. சோடியம் விளக்கு அகச்சிவப்புக் கதிரை நேராகக் கீழே செடிமேல் இறக்கும். கையைக் கீழே நீட்டினாலே அனல் தெரியும். எல்இடி கீழே அனுப்புவது பெரும்பாலும் ஒளிதான். சூடு முதுகுப்புறத்து அலுமினியம் வழியாக மேலே போகிறது. அதனால்தான் எல்இடியைச் செடிக்குப் பக்கத்தில் தொங்கவிட முடிகிறது, இலையும் கருகுவதில்லை. ‘எல்இடி சூடாகாது’ என்கிற பேச்சு வந்ததே இதனால்தான். இலை அனலை உணர்வதில்லை என்பது சரி. அறை உணரும்.

இரண்டு எல்இடிகளைச் சூட்டை வைத்து எப்படி ஒப்பிடுவது?

ஒரே ஒரு எண் போதும்: ஒரு ஜூல் மின்சாரத்துக்கு (ஒரு வாட் ஒரு நொடி ஓடினால் ஒரு ஜூல்) எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள் தருகிறது என்பது. மைக்ரோமோல் என்பது ஒளித்துகளை எண்ணும் அலகு. இங்கே ஒளித்துகள் என்பது 400 முதல் 700 நானோமீட்டர் வரை, அதாவது செடி ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்தும் அலைநீளத்தில் வருவது. கடையில் இதை ‘எஃபிகசி’ என்பார்கள். மலிவான ஊதா விளக்குகள் 1 முதல் 1.5 வரை நிற்கும். பழைய சோடியம் விளக்கு 1 முதல் 1.7. நல்ல எல்இடி 2.5க்கு மேல், மிக நல்லது 3ஐத் தொடும். அமெரிக்காவில் டிஎல்சி என்ற அமைப்பு தரமான தோட்ட விளக்குகளைப் பட்டியலிடுகிறது. அதன் மூன்றாம் பதிப்பு விதிப்படி பட்டியலில் ஏறவே குறைந்தது 2.3 வேண்டும். நாம் வாங்கும்போதும் இதையே கோடாக வைத்துக்கொள்ளலாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு தட்டு அடுக்குக்கு நொடிக்கு 300 மைக்ரோமோல் ஒளி தேவை என்று வைத்துக்கொள்வோம். 2.7 தரும் விளக்குக்கு 111 வாட் போதும். 1.2 தரும் விளக்குக்கு 250 வாட் வேண்டும். செடிக்குக் கிடைத்த ஒளி ஒன்றுதான். ஆனால் இரண்டாவது விளக்கு 139 வாட் சூட்டைக் கூடுதலாக அறைக்குள் கொட்டியிருக்கிறது. அதற்கும் கரண்ட் பில், அதை வெளியேற்றும் ஃபேனுக்கும் கரண்ட் பில். மலிவு விளக்கு மலிவில்லை என்று நான் அடித்துச் சொல்வது இதை வைத்துத்தான். ஊட்டியில் இதைக் கொஞ்சம் கண்டுகொள்ளாமல் விடலாம். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் பாளையில் விட முடியாது.

பெட்டியில் ‘1000 வாட்’ என்று போட்டிருக்கிறது. அது 1000 வாட் சூடு தருமா?

அநேகமாகத் தராது, ஏனென்றால் அது 1000 வாட் எடுக்கவே எடுக்காது. அந்த எண் ‘இத்தனை வாட் பழைய விளக்குக்குச் சமம்’ என்று வைத்த பேர். உள்ளே 100 வாட்தான் ஓடும், சிலதில் அதுவும் இருக்காது. சூட்டுக்கும் பில்லுக்கும் கணக்கு அந்த உண்மையான வாட்தான்.

பிளக்கில் செருகும் வாட்மீட்டர் இருந்தால் உடனே தெரிந்துவிடும். இல்லையென்றால் வீட்டு மின்மீட்டரே போதும். முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுங்கும். அதன் பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சடித்திருப்பார்கள். பல மீட்டர்களில் 3200. பிரிட்ஜ், வைஃபை உள்பட வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இந்த விளக்கை மட்டும் போடுங்கள். ஒரு மினுக்குக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை நொடி என்று போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். 3200 மீட்டரானால் 1125ஐ அந்த நொடியால் வகுத்தால் வாட் வந்துவிடும். 11 நொடிக்கு ஒரு தடவை மினுங்கினால் சுமார் 102 வாட். உண்மையிலேயே 1000 வாட் ஓடினால் நொடிக்கு ஒரு தடவை போல மினுங்கும். உங்கள் மீட்டரில் 1600 என்று இருந்தால் 1125க்குப் பதிலாக 2250ஐ வகுங்கள். பத்து மினுக்குக்கு நேரம் பார்த்துப் பத்தால் வகுத்தால் இன்னும் துல்லியம்.

முதுகைத் தொட்டால் சுடுகிறது. மோசமான விளக்கா?

அப்படி முடிவு கட்டாதீர்கள். பலர் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் இது.

சிப்பில், அதாவது ஒளி தரும் அந்தச் சின்ன எல்இடிப் புள்ளியில் பிறக்கும் சூடு தகட்டுக்கு வந்து, தகட்டிலிருந்து காற்றுக்குப் போக வேண்டும். முதுகு சுடுகிறது என்றால் சூடு அங்கே வரை வந்து சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம், அது நல்லதே. முதுகு குளிர்ந்திருந்து முன்புறம் சிப் இருக்கும் இடம் கொதித்தால்தான் பயப்பட வேண்டும். சிப்புத் தகடு அலுமினியத்தோடு சரியாக ஒட்டவில்லை, நடுவில் பூச வேண்டிய தெர்மல் பேஸ்ட்டைப் பூசவில்லை, அல்லது திருகாணியை இரண்டோடு நிறுத்திவிட்டார்கள் என்று பொருள். அந்த விளக்கு வெளியே சாதுவாக இருக்கும், உள்ளே சிப் வெந்துகொண்டிருக்கும். சில மாதத்தில் ஒளி மங்கும். எடுக்கும் வாட் மட்டும் குறையாது.

அறை 32 டிகிரியில் இருக்கும்போது முதுகு 55, 60 டிகிரி வரை போவது சகஜம். கையை ஓரிரு நொடிக்கு மேல் வைக்க முடியாது என்றால் அது 60ஐத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம். அப்போது காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மர் இருந்தால் கொஞ்சம் குறையுங்கள்.

அகச்சிவப்பு வெப்பமானியில் 38 டிகிரிதான் காட்டுகிறது, ஆனால் கை சுடுகிறதே?

பளபளப்பான அலுமினியத்தை அந்தக் கருவி சரியாகப் படிக்காது. அலுமினியம் தன் சூட்டைக் கதிராக வெளிவிடுவது குறைவு. எதிரே இருக்கும் சுவரின் பிரதிபலிப்பையே கருவி பாதி படித்துவிடும். எலக்ட்ரீஷியன் சுற்றும் கறுப்பு டேப்பில் இரண்டு அங்குலம் வெட்டி முதுகில் அழுத்தி ஒட்டுங்கள். விளக்கை இரண்டு மணி நேரம் எரியவிட்டு அந்த டேப்பைக் குறிபார்த்து அளங்கள். டேப்பும் தகடும் ஒரே சூட்டில் இருக்கும், கருவி டேப்பை ஒழுங்காகப் படிக்கும். 38 காட்டிய இடத்தில் 57 காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். இரண்டு கம்பெனி விளக்கை ஒப்பிடும்போது இரண்டிலும் இதே டேப், ஒரே அறை, ஒரே நேரம் என்று வைத்தால்தான் ஒப்பீடு செல்லும்.

ஃபேன் வைத்த விளக்கு நல்லதா, ஃபேன் இல்லாததா?

நம் ஊருக்கு ஃபேன் இல்லாதது. ஆடிக் காற்றில் வரும் புழுதி அந்தச் சின்ன ஃபேனை ஒரே சீசனில் அடைத்துவிடும். ஃபேன் நின்றால் சிப் வெந்துவிடும். வெறும் அலுமினியத் தகடோ பட்டையோ உள்ள விளக்கில் கெட்டுப்போக எதுவுமில்லை. தூசியை மட்டும் துடைத்தால் போதும்.

கடை அண்ணாச்சியிடம் என்னென்ன கேட்டுப் பார்க்க வேண்டும்?

முதலில் உண்மையான வாட், பிறகு எஃபிகசி. ‘அதெல்லாம் தெரியாது, வெளிச்சம் சூப்பரா இருக்கும்’ என்றால் அடுத்த கடைக்குப் போங்கள். அளந்த அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள். முழு விளக்கையும் அளந்து தருவது எல்எம்-79 அறிக்கை. சிப் நாளாக ஆக எவ்வளவு மங்கும் என்று சோதித்தது எல்எம்-80. சிப்பின் அறிக்கையை மட்டும் காட்டி விளக்கின் அறிக்கை போலப் பேசுவது விற்பனையில் வழக்கம். நல்ல சிப்பை மோசமான தகட்டில் ஒட்டினால் அந்த அறிக்கைக்கு மதிப்பில்லை.

சிப்பின் பேரைவிட அது எவ்வளவு மென்மையாக ஓட்டப்படுகிறது என்பது முக்கியம். சாம்சங் எல்எம்301 வகைச் சிப்பேயானாலும், கொஞ்சம் சிப்பில் நிறையக் கரண்ட் ஏற்றினால் ஒளித்திறன் இறங்கும், சூடு ஏறும். 100 வாட் விளக்கில் 200க்கு மேல் சின்னச் சிப்புகள் பரவியிருந்தால் நல்ல அடையாளம். அதே 100 வாட்டை நாணய அளவில் ஒரே மஞ்சள் வட்டமாகக் குவித்திருந்தால் அந்தச் சூட்டை இழுக்கப் பெரிய அலுமினியம் வேண்டும். எடையைக் கையில் தூக்கிப் பாருங்கள். அலுமினியத்தில் மிச்சம் பிடித்த விளக்கு எடை இல்லாமல் இருக்கும்.

அப்புறம் டிரைவர், அதாவது 230 வோல்ட்டை எல்இடிக்கு ஏற்ற கரண்டாக மாற்றும் பெட்டி. விளக்கு சாவது பெரும்பாலும் இதனால்தான். உள்ளே இருக்கும் மின்தேக்கிகளின் ஆயுள், சூடு 10 டிகிரி ஏறினால் சுமாராகப் பாதியாகிவிடும். அதனால் டிரைவரைத் தனியாகக் கழற்றி அறைக்கு வெளியே மாட்டக்கூடிய விளக்கே என் தேர்வு. இரண்டு லாபம்: டிரைவர் பிழைக்கும், அது வீணாக்கும் 6 முதல் 10 சதவீதச் சூடும் செடி அறைக்குள் வராது.

டிரைவரில் இந்திய தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ்ஸின் பதிவு எண் ‘ஆர்’ என்று தொடங்கி அச்சாகியிருக்கும், கூடவே ஐஎஸ் 15885 என்று வரும். ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவு என்று காட்டும். இது மின்பாதுகாப்புக்கான முத்திரை மட்டும்தான். செடிக்கு நல்ல ஒளியா என்று அது சொல்லாது.

ஊதா விளக்கா, வெள்ளை விளக்கா?

வெள்ளை. சிவப்பும் நீலமும் மட்டும் போதும், பச்சை வீண் என்ற பழைய எண்ணத்தில் பிறந்தது ஊதா விளக்கு. மெக்ரீ என்ற ஆய்வாளர் 1972இல் வெளியிட்ட அளவீடுகளிலேயே பச்சை ஒளியிலும் இலை நன்றாக ஒளிச்சேர்க்கை செய்வது தெரிந்துவிட்டது. பச்சை ஒளி மேல் இலையைத் தாண்டி உள்ளேயும் இறங்கும். 3000 முதல் 4000 கெல்வின் (வெள்ளையின் நிறச்சாயலைச் சொல்லும் அளவு) வெள்ளையோடு 660 நானோமீட்டர் சிவப்புச் சிப் கொஞ்சம் கலந்திருந்தால் எல்லாச் செடிக்கும் சரிவரும். சிவப்பு ஒளித்துகளுக்கு ஆற்றல் குறைவு, அதனால் ஒரு ஜூலுக்கு அதிகத் துகள் கிடைக்கும். இது எஃபிகசியையும் ஏற்றும். ஆனால் சூட்டில் சிவப்புச் சிப்தான் வெள்ளையைவிட அதிகமாகத் திறன் இழக்கும், அதனால் சிவப்பு நிறைய உள்ள விளக்குக்குக் காற்றோட்டம் கட்டாயம்.

இன்னொன்று, எனக்கு இதுவே பெரிய காரணம்: ஊதா வெளிச்சத்தில் செடியைப் பார்க்க முடியாது. இலை மஞ்சளாவது, வெள்ளை ஈ, இலைப்பேன், தண்டடியில் நாற்றழுகல் எதுவும் கண்ணில் படாது. விளக்கை அணைத்து டார்ச் அடித்துப் பார்த்தால்தான் உண்டு.

சாதாரண எல்இடி டியூப்லைட் போட்டால் ஆகாதா?

கீரை, மைக்ரோகிரீன், நாற்றுக்கு நன்றாகவே ஆகும். வாட்டுக்கு 100 லூமன் (கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் அளவு) தரும் வெள்ளை டியூப், ஜூலுக்கு ஏறக்குறைய 1.4 மைக்ரோமோல் தரும். 120 லூமன் என்றால் 1.7. பல ஊதா விளக்குகளைவிட இது மேல், விலையும் கம்மி, கெட்டால் தெருமுனைக் கடையில் மாற்று கிடைக்கும். ஒரு தட்டு அடுக்குக்கு மூன்று நான்கு டியூபை நெருக்கமாக மாட்டினால் ஒளியும் சீராக விழும். முதல் தடவை தொடங்குகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். காய் காய்க்கிற செடிக்குப் போதாது.

எந்தச் செடிக்கு எவ்வளவு ஒளி?

ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு விழும் மைக்ரோமோலை ‘பிபிஎஃப்டி’ என்பார்கள். மைக்ரோகிரீனுக்கு 100 முதல் 150 போதும். தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுக்கு 150 முதல் 250. லெட்யூஸுக்கு 200 முதல் 250. திசு வளர்ப்புப் பாட்டில்களுக்கு 40 முதல் 60.

நாள் முழுக்கச் சேரும் ஒளிதான் இறுதிக் கணக்கு. 200 என்ற ஒளியை 16 மணி நேரம் போட்டால் ஒரு சதுர மீட்டருக்கு நாளுக்கு 11.5 மோல் (பத்து லட்சம் மைக்ரோமோல் சேர்ந்தால் ஒரு மோல்). லெட்யூஸ் 12 முதல் 17 மோல் கேட்கும். காய்க்கிற தக்காளி 20 முதல் 30 கேட்கும்.

போனில் உள்ள லக்ஸ் செயலியை வைத்து அளக்கலாமா?

வெள்ளை விளக்குக்குச் சுமாராக அளக்கலாம். லக்ஸை 70ஆல் வகுங்கள்: 14,000 லக்ஸ் காட்டினால் பிபிஎஃப்டி ஏறக்குறைய 200. வெயிலுக்கு 54ஆல் வகுக்க வேண்டும். ஊதா விளக்குக்கு இது அறவே செல்லாது. லக்ஸ் மனிதக் கண்ணுக்கான அளவு, ஊதா நம் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும்.

போன் சென்சார் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே போனில் இரண்டு விளக்கை ஒப்பிட நம்பலாம், எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். தட்டின் நடுவிலும் நாலு மூலையிலும் அளந்து பாருங்கள். வகுத்து வந்த எண் நடுவில் 300, மூலையில் 80 என்றால் நடுச் செடி சுருளும், மூலைச் செடி நீண்டு மெலிந்து சாயும். நல்ல விளக்கில் மூலைக்கும் நடுவுக்கும் இவ்வளவு இடைவெளி இருக்காது.

நம்ம ஊர் வெயிலுக்கு இந்த விளக்கே தேவையா?

பல பேருக்குத் தேவையில்லை. தெளிவான நாளில் நம் பக்கம் ஒரு சதுர மீட்டரில் 40 மோல் அளவுக்கு ஒளி இலவசமாக விழுகிறது. அதே 40 மோலை 2.5 எஃபிகசி உள்ள எல்இடியால் தர நாளொன்றுக்கு நாலரை யூனிட் மின்சாரம் வேண்டும், ஒரே ஒரு சதுர மீட்டருக்கு! குழித்தட்டு நாற்று விடுகிற ஆலங்குளத்துக்காரர் நிழல்வலையில் செலவு செய்வதே சரி. அவருக்கு ஒளி தட்டுப்பாடு இல்லை, கூடுதல்தான் தொல்லை. தக்காளியையும் மிளகாயையும் அறைக்குள் காய்க்க வைக்கிற ஆசையை இங்கே விட்டுவிடுங்கள்.

விளக்கு உதவும் இடங்கள் உண்டு. ஜன்னல் இல்லாத அறையில் மைக்ரோகிரீன், திசு வளர்ப்பு ஆய்வகம், ஐப்பசி கார்த்திகையில் வானம் நாள்கணக்கில் மூடாக்குப் போடும்போது வீட்டுக்குள் வைத்த நாற்று. குற்றாலச் சாரல் எட்டும் ஊர்களில் ஆனி ஆடியிலும் சிலருக்குப் பயன்படும்.

சித்திரை வைகாசியில் அறையை எப்படிக் குளிர்வாக வைப்பது?

விளக்கை ராத்திரியில் எரியவிடுங்கள். செடிக்கு எப்போது பகல், எப்போது இரவு என்பது நீங்கள் வைக்கிற டைமரைப் பொறுத்தது. வெளியே 39 டிகிரி இருக்கும் பகலில் எவ்வளவு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டாலும் உள்ளே 39க்குக் கீழே போகாது, விளக்கின் சூடும் அதன்மேல் ஏறும். அதையே ராத்திரி 8 மணி முதல் காலை 10 வரை என்று மாற்றினால் 28, 29 டிகிரிக் காற்றை உள்ளே இழுக்கலாம். ஒரு ரூபாய் செலவில்லாத மாற்றம், ஆனால் பலன் அதிகம்.

காங்கிரீட் தட்டட்டிக்கு நேர் கீழே இருக்கும் அறையைத் தவிருங்கள். பகலெல்லாம் குடித்த வெயிலை அது நடுராத்திரி வரைக்கும் அறைக்குள் இறக்கும். கீழ்வீட்டு அறையோ, கனத்த சுவர் உள்ள பழைய ஓட்டு வீடோ இதற்கு நல்லது.

ஃபேன் அளவுக்கு ஒரு கணக்கு: மொத்த வாட்டை மூன்றால் பெருக்கி, வெளியைவிட எத்தனை டிகிரி கூடுதலைப் பொறுத்துக்கொள்வீர்களோ அதால் வகுங்கள். வருவது மணிக்கு எத்தனை கனமீட்டர் காற்று என்பது. 400 வாட், 3 டிகிரி என்றால் 400 கனமீட்டர். 9 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் இதைத் தாங்கும். காற்று உள்ளே வரவும் வழி வேண்டும், இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். எதிர்ச்சுவரில் தரையோடு ஒரு திறப்பு விட்டு வலை அடியுங்கள்.

ஏசி என்றால், 1 டன் ஏசி வெளியேற்றுவது 3,500 வாட் சூடு. 400 வாட் விளக்கு அதில் ஒன்பதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.

மழைக்காலத்தில் சூடு நல்லதுதானே?

சூடு தொல்லை இல்லை, ஈரம்தான் தொல்லை. விளக்கின் சூட்டில் செடியும் தட்டும் தண்ணீரை ஆவியாக விடும். ஒரு லிட்டர் ஆவியாக முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான சூடே போதும். பிசான மழை நேரத்தில் வெளிக்காற்றே ஈரமாக இருக்கும், அறைக்குள் அது தேங்கினால் நாற்றழுகலும் பூஞ்சையும் வரும். குளிர்ந்திருக்கிறதே என்று எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்திவிடாதீர்கள்.

திசு வளர்ப்பு அடுக்கில் மேல்தட்டுப் பாட்டில் மூடியில் நீர் கோக்கிறது. விளக்கா காரணம்?

பெரும்பாலும் அதுதான். ஒரு தட்டுக்கு ஒளி தரும் விளக்கின் முதுகு, அடுத்த மேல்தட்டின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சூடு மேல்தட்டுப் பாட்டிலின் அடியைச் சூடாக்கும். அடி சூடாகவும் மூடி குளிர்ந்தும் இருந்தால் உள்ளே ஆவியாகும் நீர் மூடியில் போய்ப் படியும். அறை 25 டிகிரி என்று சுவர் வெப்பமானி காட்டும், பாட்டிலுக்குள் அதைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருக்கும். விளக்குக்கும் தட்டுக்கும் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். கெட்டித் தகட்டுக்குப் பதில் கம்பித் தட்டு போடுங்கள். டிரைவர்களை எல்லாம் அறைக்கு வெளியே ஒரே பலகையில் மாட்டுங்கள். 40, 60 மைக்ரோமோலுக்கு மேல் ஒளியை ஏற்றி வைத்திருந்தால் முதலில் அதைக் குறையுங்கள்.

கரண்ட் பில் எவ்வளவு கூடும்?

100 வாட் விளக்கு, 16 மணி நேரம், 60 நாள்: 96 யூனிட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் கிடைக்கும் இலவச 100 யூனிட்டை இந்த ஒரு விளக்கே தின்றுவிடும். அதன்பின் வீட்டின் மற்றச் செலவு எல்லாம் மேல் படிக்கு ஏறும். தரத்தின் வித்தியாசம் இங்கேதான் கையைக் கடிக்கும். ஒரு சதுர மீட்டர் கீரைக்கு நாளுக்கு 12 மோல் கொடுக்க, 2.5 எஃபிகசி உள்ள விளக்குக்கு இரண்டு மாதத்தில் 80 யூனிட் ஆகும். 1.2 விளக்குக்கு 167 யூனிட்.

வோல்டேஜ் ஏறி இறங்குகிறது, இடியும் இடிக்கிறது. விளக்கு தாங்குமா?

டிரைவரைப் பொறுத்தது. வயலில் மோட்டார்கள் ஓடும் நேரம் வோல்டேஜ் இறங்கும், நள்ளிரவில் ஏறும். டிரைவர் முதுகில் உள்வரும் வோல்டேஜ் எல்லையைப் படியுங்கள். 100 முதல் 277 வரை, அல்லது அதற்கும் அகலமாக இருந்தால் கிராமத்து லைனுக்கு ஏற்றது. 220 முதல் 240 என்று மட்டும் இருந்தால் வேண்டாம். ஐப்பசி இடிக்கு, மெயின் பெட்டியில் சர்ஜ் (திடீரென்று பாயும் மிகை வோல்டேஜ்) பாதுகாப்புக் கருவி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர்ப் பக்கத்தில் விளக்கு மாட்டுவது ஆபத்தா?

கவனிக்காவிட்டால் உயிர் போகும் ஆபத்து. சில மலிவு விளக்குகளில் டிரைவர் பாகங்களைச் சிப்புத் தகட்டிலேயே ஒட்டியிருப்பார்கள். அதில் 230 வோல்ட் நேராக அந்தத் தகட்டுக்கு வருகிறது. தனிப் பெட்டியாக, மின்பிரிப்பு உள்ள, அதாவது 230 வோல்ட் லைனோடு சிப்புத் தகட்டுக்கு நேர்த் தொடர்பில்லாத டிரைவரே வாங்குங்கள். மூன்று பின் பிளக், உண்மையான எர்த், மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி. இந்த மூன்றும் இல்லாமல், மண்ணில்லாமல் நீரில் வளர்க்கும் ஹைட்ரோபோனிக் தொட்டிக்கு மேல் எந்த விளக்கையும் தொங்கவிடக் கூடாது. பிள்ளைகள் கை வைக்கும் வீடு என்றால் இன்னும் கண்டிப்பாக.

உவரி, கூடங்குளம் மாதிரிக் கடலோர ஊருக்கு?

தூசியும் பீச்சும் தண்ணீரும் புகாத ஐபி65 தரம் உள்ளதாக, சிப்புகள்மேல் பூச்சு உள்ளதாக வாங்குங்கள். உப்புக்காற்று முதலில் தின்பது திருகாணியையும் வயர் முனைகளையும்தான்.

டிராகன் பழத் தோட்டத்தில் ராத்திரி எரிகிற விளக்கும் இதே கணக்கா?

இல்லை. அங்கே விளக்கு செடியை வளர்க்கவில்லை, பொழுது நீளம் என்று செடியை நம்பவைத்துப் பருவமில்லாத காலத்தில் பூக்க வைக்கிறது. அதற்குக் கொஞ்சம் ஒளியே போதும், திறந்தவெளி என்பதால் சூடும் கணக்கில் வராது. மழை தாங்குமா, பூச்சி புகாதா என்று மட்டும் பாருங்கள்.

எத்தனை வருஷம் வரும்? எப்போது மாற்றுவது?

‘50,000 மணி’ என்று பெட்டியில் இருந்தால் எந்த அளவு ஒளி மிச்சமிருக்கும் வரை என்று கேளுங்கள். ‘எல்70’ என்றால் 70 சதவீதம், ‘எல்90’ என்றால் 90 சதவீதம். செடிக்கு எல்90தான் பொருட்டு, ஏனென்றால் 30 சதவீத ஒளி போனால் விளைச்சலிலும் அது தெரியும். 16 மணி நேரக் கணக்கில் 50,000 மணி என்பது எட்டரை வருஷம். அதுவும் 25 டிகிரி அறையில் சோதித்த எண்ணாக இருக்கும், நம் அறை 35 என்றால் குறைத்துக்கொள்ள வேண்டும்.

வாங்கிய முதல் வாரத்திலேயே விளக்கு தொங்கும் உயரம், தட்டின் ஐந்து இடத்து லக்ஸ், முதுகின் டேப் சூடு மூன்றையும் சுவரில் ஒட்டிய ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, அலுமினியத்தையும் முன்புறத்தையும் ஈரத்துணியால் துடைத்துக் காய்ந்தபின், அதே போனை வைத்து அளங்கள். லக்ஸ் பத்தில் ஒரு பங்கு இறங்கியிருந்தால் விளக்கைக் கொஞ்சம் தாழ்த்திச் சமாளிக்கலாம். பத்தில் மூன்று பங்கு இறங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். லக்ஸ் இறங்காமல் முதுகுச் சூடு மட்டும் ஏறியிருந்தால் காற்று போகும் வழியை எதுவோ மறைக்கிறது. அடுக்குக்கு மேலே யாராவது காலித் தட்டுகளை ஏற்றி வைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.